வாக்கர் நடந்தவர் அல்ல

சிவப்புக் கோட்டு, உயரமான தொப்பி, கையில் தடி, காலில் நீண்ட பூட்ஸ். விஸ்கி புட்டியின் மேல் வீசி நடைபோடும் அந்தக் கனவானை 1908இல் வரைந்தவர் டாம் பிரவுன் என்ற ஓவியர். ஸ்காட்லாந்தின் கில்மார்னக் ஊரில் 1820இல் மளிகைக் கடை தொடங்கிய ஜான் வாக்கரின் பெயரைத் தாங்கிய சரக்கு அது. வாக்கர் என்ற பெயரைக் கேட்டால் நடக்கிற ஆள்தான் யாருக்கும் நினைவுக்கு வருவார். விளம்பரமாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாத படம். சொல்லின் வரலாற்றைப் பார்த்தால் தப்பான படம். வாக்கர் என்ற பெயரை முதன்முதலில் சுமந்தவர்கள் எங்கும் நடந்துபோகவில்லை. ஒரே தொட்டிக்குள் நின்றபடி, நாள் முழுக்க ஈரத்துணியை மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணி உடுத்த உதவாது. இழைகள் விலகி, சல்லடைபோல இருக்கும். ஆட்டின் கொழுப்பும் நூற்கும்போது தடவிய எண்ணெயும் அப்படியே ஒட்டியிருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, நாள்பட்ட சிறுநீரை ஊற்றி, எண்ணெய் உறிஞ்சும் களிமண்ணைச் சேர்த்து, காலால் மிதிமிதியென்று மிதிக்க வேண்டும். நம் ஊரில் முகத்துக்குப் பூசுகிற முல்தானி மட்டியும் அந்தக் களிமண் இனத்தைச் சேர்ந்ததே. சிறுநீரில் இருக்கும் அம்மோனியா அழுக்கை அறுக்கும். மிதிபட்டுப் புரளப் புரள இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். துணி சுருங்கித் தடிக்கும். குளிரும் மழையும் நுழைய முடியாத கம்பளியாக மாறும். நாற்றம் தாங்காத இந்த வேலையைச் செய்தவருக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘வெயல்கெரே’ என்று பெயர். அதுதான் தேய்ந்து வாக்கர் ஆயிற்று.

இந்தப் பெயருக்கு மூலமான வினைச்சொல் ‘வெயல்கன்’. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அதற்கு நடத்தல் என்ற பொருள் இல்லை. உருட்டுதல், புரட்டுதல், அலைக்கழித்தல் என்பவைதான் அதன் பொருள்கள். பழைய ஆங்கிலக் கவிஞர்கள் கடலில் அலைகள் புரண்டு எழுவதைச் சொல்ல இந்தச் சொல்லின் குடும்பத்தைத்தான் நாடினார்கள். மனத்துக்குள் ஒரு விஷயத்தைத் திருப்பித் திருப்பிப் புரட்டிப் பார்ப்பதற்கும் அதே சொல் உதவியது.

அப்படிப்பட்ட சொல், 1200ஐ ஒட்டிய காலத்தில், கால்நடையாகப் போவதைக் குறிக்கும் சொல்லாக ஏடுகளில் தலைகாட்டுகிறது. உருளும் சொல் எப்படி நடக்கத் தொடங்கியது என்று ஆங்கிலேயருக்கு விளக்குவதற்குத்தான் பாடுபட வேண்டும். தமிழருக்கு ஒரே சொல் போதும்: அலை. கடலில் இருப்பதும் அலை. வேலை தேடித் தெருத்தெருவாகத் திரிவதும் அலைதல். அதனால் வரும் களைப்பு அலைச்சல். அங்கும் இங்கும் புரள்வதிலிருந்து அங்கும் இங்கும் திரிவதற்கும், திரிவதிலிருந்து சும்மா நடப்பதற்கும் ஆங்கிலச் சொல் இறங்கிவந்த படிகள் இவைதான். தமிழ்ச் சொல் கடலையும் விடவில்லை, தெருவையும் விடவில்லை. ஆங்கிலச் சொல் கடலை மறந்துவிட்டது.

தொட்டியை மட்டும் கொஞ்ச காலம் மறக்கவில்லை. 1185இல் டெம்ப்ளர் துறவிப் படையினர் தங்கள் சொத்துகளைக் கணக்கெடுத்தபோது, தண்ணீரின் விசையில் மரச்சுத்திகள் துணியை இடிக்கும் ஆலைகளும் அதில் பதிவாயின. இங்கிலாந்தில் அத்தகைய ஆலைகளைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு அது. ஆள் மிதிப்பது போய் ஆலை இடிப்பது வந்தபோதும், வடக்கில் அந்த ஆலைக்கு ‘வாக் மில்’ என்றே பெயர். ஜெர்மன் மொழியில் கம்பளியை இப்படிப் பதப்படுத்துவதற்கு ‘வால்கன்’ என்ற சொல் இன்றும் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் ஆலை இல்லை, தொட்டியும் இல்லை. பெண்கள் பலகையைச் சுற்றி உட்கார்ந்து, ஈரக் கம்பளியைக் கைமாற்றிக் கைமாற்றி அடித்து, அதன் தாளத்துக்குக் கேலிக் மொழியில் பாடினார்கள். இருபதாம் நூற்றாண்டிலும் அந்த வழக்கம் நீடித்ததால் அந்தப் பாட்டுகள் ஒலிப்பதிவாகக் கிடைக்கின்றன. இங்கிலாந்துக்குள்ளே ஒரே தொழிலுக்கு மூன்று பெயர்கள் இருந்தன: வடக்கே வாக்கர், தென்கிழக்கே ஃபுல்லர், தென்மேற்கே டக்கர். மூன்றும் இன்று குடும்பப் பெயர்கள். ஒருவரின் பெயரை வைத்து, அவருடைய முப்பாட்டனுக்கு முப்பாட்டன் எந்தத் திசையில் கம்பளி மிதித்தார் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

உருட்டுவதற்கென்று இருந்த சொல் நடக்கப் போய்விட்டால், அந்த வேலையை யார் பார்ப்பது? அதற்கு வெளியூரிலிருந்து ஓர் ஆள் வந்தது. வந்த ஆள் முதலில் சேர்ந்த இடம் அரசாங்க அலுவலகம்.

1066இல் நார்மாண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தை வென்றபின், அரசாங்கக் கணக்கு இலத்தீனுக்கும் அரசவைப் பேச்சு பிரெஞ்சுக்கும் போயின. இலத்தீனில் ரோட்டா என்றால் சக்கரம். ரோட்டுலுஸ் என்றால் சின்னச் சக்கரம். எழுதிய தோலைச் சுருட்டி வைத்து அதன் முனையைப் பார்த்தால் சின்னச் சக்கரம்தான் தெரியும். ரோட்டுலுஸ் பிரெஞ்சில் தேய்ந்து, ‘ரோல்’ என்று ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதன் பொருள் ஆவணச் சுருள். கல்லும் பந்தும் உருள்வதற்கு அதைப் பயன்படுத்தியது பிற்பாடு.

அந்தச் சுருள்களைத் தயாரித்த கருவூலத்தை ஒருமுறை எட்டிப் பார்க்கத்தான் வேண்டும். பத்தடி நீளம், ஐந்தடி அகலத்தில் ஒரு மேசை. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. சதுரங்கப் பலகையை நினைவூட்டியதால் அந்த அலுவலகத்துக்கே எக்ஸ்செக்கர் என்று பெயர். ஒவ்வொரு மாவட்டத்தின் ஷெரிஃபும் வந்து, வசூலித்தது எவ்வளவு, கட்டியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று சொல்ல வேண்டும். கட்டங்களில் காய் நகர்த்திக் கூட்டிக் கழிப்பார்கள். முடிவு ஆட்டுத்தோலில் ஏறும். எழுதிய தோல்களைத் தலைப்பக்கம் ஒன்றாகத் தைத்துச் சுருட்டிவைப்பார்கள். குழாய்போலத் தெரிந்ததால் இவற்றுக்குப் பைப் ரோல் என்ற பெயர் வந்ததாகச் சொல்வதுண்டு. எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது 1129–30ஆம் ஆண்டுக்கு உரியது. இரண்டாம் ஹென்றி காலத்தில் 1156 தொடங்கி, 1832 வரை ஏறக்குறைய இடைவெளியில்லாமல் ஆண்டுக்கொன்றாக வரிசை நிற்கிறது. ஓர் அலுவலகம் ஒரே பழக்கத்தை 670 ஆண்டுகளுக்கு மேல் விடாமல் வைத்திருந்தது என்றால், அரசாங்க வேலையின் குணம் எங்கும் ஒன்றுதான்.

ஏன் ஆட்டுத்தோல்? கருவூலத் தலைவராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், 1170களின் பிற்பகுதியில், குருவும் சீடனும் பேசிக்கொள்வதுபோல ஒரு நூல் எழுதினார். கருவூலம் எப்படி நடக்கிறது என்பதுதான் அதன் பொருள். அதில் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது: ஆட்டுத்தோலில் எழுதியதைச் சுரண்டி அழித்தால் தழும்பு தெரிந்துவிடும். கணக்கைத் திருத்துகிறவனைத் தோலே காட்டிக்கொடுத்துவிடும்.

அதுவும் போதவில்லை. கருவூலத் தலைவர் சொல்லச் சொல்ல அவருடைய எழுத்தர் ஒரு சுருளில் எழுதுவார். பக்கத்திலேயே சான்சலரின் எழுத்தர் உட்கார்ந்து, ஓர் எழுத்தும் பிசகாமல், இன்னொரு சுருளில் அதையே எழுதுவார். இரண்டும் ஒத்திருக்க வேண்டும். இரண்டாம் ஹென்றியின் காலத்தில் மூன்றாவது சுருள் ஒன்றும் இருந்தது. அதை வைத்திருந்தவர் தாமஸ் பிரவுன். சிசிலி மன்னரிடம் வேலை பார்த்துத் திரும்பியவர். இப்படி ஒரு சுருளைச் சரிபார்க்க எழுதும் எதிர்ச்சுருளுக்குப் பிரெஞ்சில் ‘கோந்த்ர் ரோல்’ என்று பெயர். அவசரமாகச் சொல்லிப் பார்த்தால் தெரியும்: அதுதான் கண்ட்ரோல்.

உலகத்தையே ஆட்டிவைக்கும் அந்தச் சொல்லின் பிறப்பு இவ்வளவுதான். அதிகாரம் இல்லை, அடக்குமுறை இல்லை. ஒரு நகல், கூடவே கொஞ்சம் சந்தேகம். இந்தச் சந்தேகத்தைச் சம்பளத்துக்குச் செய்தவர்களில் ஒருவரை ஆங்கில இலக்கியம் தந்தை என்று கொண்டாடுகிறது. 1374 ஜூனில், லண்டன் துறைமுகத்தில் கம்பளிக்கும் தோலுக்கும் வாங்கும் சுங்கத்துக்குக் கண்ட்ரோலராக ஜெஃப்ரி சாசர் நியமனம் பெற்றார். சுங்கம் வசூலிப்பவர்கள் வேறு. அவர்கள் எழுதும் சுருளுக்கு எதிர்ச்சுருள் எழுதுவது சாசரின் வேலை. அதைத் தன் கைப்படவே எழுத வேண்டும், ஆள் வைத்து எழுதக் கூடாது என்று நியமன உத்தரவில் நிபந்தனையும் இருந்தது. பகலெல்லாம் கம்பளி மூட்டைக் கணக்கு, இரவெல்லாம் படிப்பும் கவிதையும் என்று 12 ஆண்டுகள் ஓடின.

பிறகு யாரோ சில மேதாவிகள் இதைக் கெடுத்தார்கள். கணக்குக்குப் பிரெஞ்சில் ‘கோந்த்’. எழுத்தில் நடுவே ஒரு ப் உண்டு. கணக்குப் பார்க்கும் அதிகாரி ஆயிற்றே, சொல் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று நினைத்து, 1500 வாக்கில் கண்ட்ரோலருக்குள் அந்தப் ப்-ஐத் திணித்தார்கள். சுருளுக்கும் கணக்குக்கும் வேரில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் எழுத்துப்பிழை பதவி உயர்வு பெற்றது. 1866இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தணிக்கைத் தலைவர் பதவியை உண்டாக்கியபோது, அந்தப் பிழையோடுதான் பெயர் வைத்தது. இந்திய அரசியலமைப்பின் 148ஆவது பிரிவிலும் அதே பிழை, அதே ப். சி.ஏ.ஜி. அறிக்கை வந்தது என்று செய்தி வரும்போதெல்லாம், முதல் எழுத்தான சி-க்குள் ஒரு ஆட்டுத்தோல் சுருண்டு கிடக்கிறது. உச்சரிக்கும்போது அந்தப் ப் ஒலிக்கக் கூடாது என்பது பழைய மரபு; தொலைக்காட்சியில் பலர் அதை அழுத்தி உச்சரிப்பதைக் கேட்கலாம்.

போர்க்காலப் பங்கீட்டில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்த கண்ட்ரோல் கடையும் கண்ட்ரோல் துணியும் இந்தக் குடும்பந்தான். நூறு நாள் வேலைக்குப் பெயர் பதியும் மஸ்டர் ரோல், வழக்கறிஞராகும் நாளில் செய்யும் என்ரோல்மென்ட், வாக்காளர் பட்டியலின் ஆங்கிலப் பெயர் எல்லாவற்றிலும் அதே சுருள். சுருள்களுக்கெல்லாம் பொறுப்பாளராக இருந்த எழுத்தர் தலைவர், இங்கிலாந்தில் நாளடைவில் பெரிய நீதிபதியாகவே ஆகிவிட்டார். ‘மாஸ்டர் ஆஃப் தி ரோல்ஸ்’ என்ற பட்டத்தோடு 1962 முதல் 1982 வரை இருந்த டென்னிங் பிரபுவின் தீர்ப்புகளை நம் சட்டக் கல்லூரிகளில் படிக்காதவர் இல்லை. அவர் நீதிமன்றத்தில் எவரும் தோலைச் சுருட்டிக்கொண்டிருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

நாடாளுமன்றம் மட்டும் 1849 வரை சட்டங்களைச் சுருளில்தான் எழுதியது. 1821இல் நிலவரி ஆணையர்களை நியமிக்க ஒரு சட்டம் வந்தது. ஆணையர்கள் அத்தனை பேரின் பெயரையும் எழுத வேண்டியிருந்ததால் தோலுக்கு மேல் தோலாகத் தைத்துக்கொண்டே போனார்கள். அந்தச் சுருளின் நீளம் 348 மீட்டர். மூன்று கால்பந்து மைதானங்களை வரிசையாக வைத்தாலும் மிச்சம் இருக்கும்.

நாடகக்காரர்களின் சுருள் இதைவிடச் சிறியது, சுவையானது. எலிசபெத் காலத்து நடிகருக்கு முழு நாடகப் பிரதியைத் தரமாட்டார்கள். நகலெடுக்கக் கூலி அதிகம். போட்டிக் குழு திருடிவிடும் என்ற பயமும் உண்டு. அவரவர் பேச வேண்டியதை மட்டும் நீளக் காகிதத்தில் எழுதி, சுருட்டிக் கையில் கொடுப்பார்கள். எதிராளி என்ன பேசுவார் என்பது தெரியாது. அவர் பேச்சின் கடைசி இரண்டு மூன்று சொற்கள் மட்டும் இருக்கும். அவை காதில் விழுந்ததும் இவர் தொடங்க வேண்டும். புகழ்பெற்ற நடிகர் எட்வர்ட் அலின், ராபர்ட் கிரீன் எழுதிய ‘ஒர்லாண்டோ ஃபூரியோசோ’ நாடகத்தில் தலைமை வேடம் கட்டியபோது பயன்படுத்திய சுருள், அவர் நிறுவிய டல்விச் கல்லூரியில் இன்றும் இருக்கிறது. தோலில் எழுதிய ரோலும் நடிகர் ஏற்கும் ரோலும் ஆங்கிலத்தில் ஓரெழுத்து வேறுபாட்டில் பிரிந்துபோயின. சினிமாவில் சின்ன ரோல் கேட்டு வாசலில் நிற்பவர் கேட்பது, சரியாகச் சொன்னால், சின்னச் சுருள்.

ஒரு சுருளுக்கு மட்டும் மானம் போயிற்று. 1296இல் ஸ்காட்லாந்தின் பிரபுக்களும் நிலக்காரர்களும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர், முதலாம் எட்வர்டுக்கு அடிபணிவதாக எழுதிக்கொடுத்து முத்திரை வைத்தார்கள். அந்தப் பத்திரங்களின் தொகுப்புக்கு ராக்மன் ரோல் என்று பெயர். ஓரமெல்லாம் முத்திரைகள் கிழிசல்போலத் தொங்கும் ஆவணங்களை அக்காலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். சுருளில் நூல் கட்டித் தொங்கவிட்டு, எந்த நூலை இழுத்தால் எந்தப் பாட்டு வருகிறது என்று பார்க்கும் வீட்டு விளையாட்டுக்கும் அந்தப் பெயர் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் பேச்சுவழக்கில் மழுங்கி ‘ரிக்மரோல்’ ஆகிவிட்டது. இப்போது அதன் பொருள், தலையும் காலும் இல்லாத நீட்டல். நாம் ‘ராமாயணம் படிக்காதே’ என்கிற இடத்தில் அவர்கள் இதைச் சொல்வார்கள்.

இலத்தீனில் உருட்டுவதற்கு ‘வொல்வெரே’ என்று இன்னொரு வினையும் உண்டு. படித்தவர்கள் அதிலிருந்து சொற்களை மூட்டை மூட்டையாக இறக்கினார்கள். புத்தகம் சுருளாக இருந்த காலத்துப் பெயர்தான் வால்யூம். இன்று தொலைக்காட்சி அலறும்போது குறைக்கச் சொல்வது அதைத்தான். சுருளை விரித்துப் படிப்பது எவொல்யூஷன். டார்வின் 1859இல் வெளியிட்ட நூலின் முதல் பதிப்பில் அந்தப் பெயர்ச்சொல் கிடையாது. 1872இல் வந்த ஆறாம் பதிப்பில்தான் சேர்ந்தது. கோள்கள் சுற்றி வருவது ரெவொல்யூஷன். கோப்பர்னிக்கஸ் 1543இல் தம் நூலின் தலைப்பிலேயே அதை வைத்தார். 1688இல் மன்னரை மாற்றியதற்கும் ஆங்கிலேயர் அந்தப் பெயரையே சூட்டினார்கள். தமிழில் புரள் என்ற வினை புரட்சியையும் தந்திருக்கிறது, புரட்டையும் தந்திருக்கிறது. உருட்டு என்றால் பொய் என்று இன்றைய இளைஞர்கள் சொல்வதும் அந்தப் பாதையில்தான் போகிறது.

சரி, ஊர்ச் சொற்கள் என்னவாயின? அவை பின்வாங்கியதை ஒரே ஒரு கல்லை வைத்துப் பார்க்கலாம். இயேசுவின் கல்லறை வாசலில் பெரிய கல்லை உருட்டி வைக்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் விக்லிஃபின் வழிவந்தவர்கள் பைபிளை ஆங்கிலமாக்கியபோது அந்த இடத்தில் எழுதிய வினை ‘வாலோ’. 1526இல் வில்லியம் டிண்டேல் மொழிபெயர்த்தபோது அதே கல்லுக்கு ‘ரோல்’ போட்டார். நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் அலுவலகச் சொல் கல்லறை வாசல்வரை வந்துவிட்டது. கல்லை இழந்த வாலோ, எருமையும் பன்றியும் புரளும் சேற்றில் போய் ஒதுங்கியது. இன்று ஆங்கிலத்தில் ஒருவர் துக்கத்தில் வாலோ செய்கிறார் என்றால், அதில் மூழ்கிப் புரண்டுகொண்டு எழ மறுக்கிறார் என்று அர்த்தம்.

இன்னொரு ஊர்ச் சொல்லுக்குக் கிடைத்த யோகமே தனி. பழைய ஆங்கிலத்தில் ‘ட்ரெண்டன்’ என்றால் சுழலுதல், உருளுதல். ‘ட்ரெண்டெல்’ என்றால் வட்டம். ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பின் ஒரு பிரதியில் 806ஆம் ஆண்டு சூரியனைச் சுற்றி அதிசய ட்ரெண்டெல் தோன்றியதாக எழுதியிருக்கிறது. நிலா கோட்டை கட்டியிருக்கிறது என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதைப்போல் சூரியன் கட்டிய கோட்டை. சிச்செஸ்டருக்கு வடக்கே குன்றின்மேல் வட்டமாகக் கிடக்கும் இரும்புக் காலத்து மண்கோட்டைக்கு இன்றும் ட்ரண்டில் என்று பெயர். தேவாலயங்களில் மெழுகைக் கயிறாகத் திரித்துச் சுருட்டிவைத்து எரிப்பதும் ட்ரிண்டில்தான். ஆறாம் எட்வர்டின் அரசு 1547இல் ஒழிக்கச் சொன்ன வழிபாட்டுப் பொருள்களில் அதுவும் ஒன்று. வினைச்சொல்லை மாலுமிகள் எடுத்துக்கொண்டார்கள். கரை எந்தப் பக்கம் வளைந்து போகிறதோ அந்தப் பக்கம் அது ட்ரெண்ட் ஆகிறது என்றார்கள். கரைக்குச் சொன்னதைப் பிறகு விலைவாசிக்கும் வரைபடக் கோட்டுக்கும் சொன்னார்கள். இருபதாம் நூற்றாண்டில் உடைக்கும் பாட்டுக்கும் சொன்னார்கள். புதுப் படத்தின் டீசர் ட்ரெண்டிங்கில் முதலிடம் என்று ரசிகர்கள் கொண்டாடும்போது, ஆயிரம் வயதுச் சொல் ஒன்று உருண்டுகொண்டிருக்கிறது.

அதே வேரில் வந்த ட்ரண்ட்லரைக் கிரிக்கெட் வர்ணனை கேட்பவர்களுக்குத் தெரியும். வேகமும் இல்லாமல் சுழலும் இல்லாமல் சாவகாசமாகப் பந்து போடுகிறவரைக் கொஞ்சம் இளக்காரமாக அப்படிச் சொல்வார்கள். ஆனால் ‘பௌலிங்’ என்ற சொல்லே உருட்டுவதுதான். பிரெஞ்சு ‘பூல்’ ஆங்கிலத்தில் மர உருண்டையாயிற்று. அதைத் தரையில் உருட்டுவது பௌல் செய்வது. ஆரம்பத்தில் கிரிக்கெட்டிலும் பந்தைத் தரையோடு தரையாக உருட்டித்தான் விட்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பந்தைக் குத்தவிடுவது வழக்கமாயிற்று. கை மெல்ல மெல்ல மேலேறியது. தோளுக்கு மேல் கையை உயர்த்தி வீச 1864இல்தான் விதி இடம் கொடுத்தது. செயல் முழுதாக மாறிப்போனது, பெயர் மாறவில்லை.

1981 பிப்ரவரி 1, மெல்போர்ன் மைதானம். ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் ஒருநாள் போட்டி. கடைசிப் பந்து மிச்சம். ஆட்டத்தைச் சமன் செய்ய நியூசிலாந்துக்கு ஆறு ரன் தேவை. அணித்தலைவர் கிரெக் சேப்பல் தம்பி ட்ரெவரிடம் போய், கையைக் கீழே வைத்துப் பந்தை உருட்டிவிடச் சொன்னார். நடுவரிடமும் தெரிவித்தார்கள். விக்கெட்டுக்குப் பின்னால் நின்ற ராட் மார்ஷ் வேண்டாமென்று தலையசைத்தார். அந்தத் தொடரின் விதிகளில் அதற்குத் தடையில்லை. ட்ரெவர் உருட்டினார். இரு நாட்டுப் பிரதமர்களும் கண்டிக்கும் அளவுக்கு அது விவகாரமாகி, அப்படிப் போடுவதையே பிறகு தடை செய்தார்கள். ஆனால் பதினைந்தாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ஒருவர் அன்று பார்வையாளராக வந்திருந்தால், நாள் முழுக்க வீசியவற்றில் ‘பௌல்’ செய்த பந்து இது ஒன்றுதான் என்று சொல்லியிருப்பார். புல்லில் உருண்டு வந்த பந்தைப் பிரயன் மெக்கெக்னி மட்டையை வைத்து நிறுத்தினார். பிறகு மட்டையைத் தூக்கி எறிந்தார்.